ஜெயித்தவர்களை வெளியே அனுப்பிய சபை: ஜார்ஜியா, 1868

கேள்வி, பிப்ரவரி 4
அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு ஓட்டுரிமை வந்தது, சட்டசபைக்கும் போனார்கள் என்பது தெரியும். ஜார்ஜியாவில் மட்டும் அப்படி ஜெயித்து வந்தவர்களை இரண்டே மாதத்தில் நீக்கிவிட்டார்களாம். கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்று அந்த மாநில அரசியல் சட்டத்தில் எங்குமே எழுதியிருக்கவில்லையாம். அப்படியென்றால் அது சட்டப்படி சரிதானே? எழுதும்போதே கோட்டை விட்டுவிட்டுப் பிறகு அழுது என்ன பயன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 4, இரவு 10.15
சட்டப்படி சரி இல்லை. அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே ஒன்பது மாதம் கழித்து அப்படித்தான் சொன்னது. அதற்கு வருகிறேன்.

முதலில் நடந்த வரிசை. 1867இல் வாஷிங்டன் நாடாளுமன்றம் தெற்கு மாநிலங்களை ராணுவ மேற்பார்வையில் வைத்தது. புதிய அரசியல் சட்டம் எழுதவேண்டும், கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் சட்டத்தின் முன் சம உரிமையும் தரும் 14ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்கவேண்டும், அதற்குப் பிறகுதான் ஒன்றியத்துக்குள் சேர்ப்போம் என்றது. ஜார்ஜியாவில் வாக்காளர் பதிவு நடந்தபோது வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கிட்டத்தட்ட சரிசமம், இரு பக்கமும் 95,000 பேருக்கு மேல். அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சட்டப் பேரவை அட்லாண்டாவில் கூடியது. 1868 ஏப்ரலில் தேர்தல். குடியரசுக் கட்சியின் (அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி) ரூஃபஸ் புல்லக் ஆளுநராக ஜெயித்தார். ஜூலை 4ஆம் தேதி சட்டசபை கூடியது. ஜூலை 21ஆம் தேதி 14ஆவது திருத்தத்தை ஏற்றார்கள். நிபந்தனை நிறைவேறியது, ராணுவம் அதிகாரத்தை ஒப்படைத்து ஒதுங்கியது.

செப்டம்பர் 3ஆம் தேதி கீழவை 25 கறுப்பின உறுப்பினர்களை நீக்கியது. செப்டம்பர் 12ஆம் தேதி மேலவை இரண்டு பேரை நீக்கியது.

தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ராணுவம் இருந்தவரை யாருக்கும் தோன்றாத சட்டச் சந்தேகம், ராணுவம் போனதும் தோன்றியிருக்கிறது.

பிப்ரவரி 5, காலை
"எழுதும்போதே கோட்டை விட்டார்கள்" என்பதைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்தேன். விட்டுவிட முடியவில்லை.

பேரவையில் 169 பிரதிநிதிகள். அதில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதல். எல்லா வாக்காளருக்கும் பதவி வகிக்கும் உரிமை உண்டு என்ற வாசகம் வரைவில் இருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று குடியரசுக் கட்சியின் வெள்ளைத் தலைவர்களே சொன்னார்கள். வெள்ளையர் ஓட்டு பயந்து ஓடிவிடும், எழுதாவிட்டாலும் உரிமை இருக்கத்தானே செய்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கறுப்பினப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்க்கவில்லை. கூட இருப்பவர்களின் வாக்கை நம்பினார்கள்.

அதே தேர்தல் பிரசாரத்தில் முன்னாள் ஆளுநர் ஜோசப் பிரௌன் ஊர் ஊராகப் போய் என்ன பேசினார் தெரியுமா? புதிய சட்டம் கறுப்பினத்தவருக்கு ஓட்டைத்தான் தருகிறது, பதவியைத் தரவில்லை, தைரியமாக ஆதரியுங்கள் என்று வெள்ளை வாக்காளர்களிடம் சொன்னார். போரில் ஒன்றியத்தைவிட்டுப் பிரிந்த தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்போடு நின்று ஜார்ஜியாவின் ஆளுநராக இருந்தவர், போர் முடிந்ததும் குடியரசுக் கட்சிக்கு வந்தவர் அவர். ஆக ஒரு பக்கம் "எழுதத் தேவையில்லை, உரிமை உண்டு", மறுபக்கம் "எழுதவில்லை, அதனால் உரிமை இல்லை". ஒரே கட்சி இரண்டையும் சொல்லி இரண்டு பக்கத்து ஓட்டையும் வாங்கியது. இதைக் கறுப்பின மக்கள் கோட்டை விட்டதாக என்னால் எழுத முடியாது.

இன்னொன்றும் கவனியுங்கள். வெள்ளையர் பதவி வகிக்கலாம் என்றும் அந்தச் சட்டத்தில் தனியாக எழுதியிருக்கவில்லை.

பிப்ரவரி 5, மாலை
"சபைக்குத் தன் உறுப்பினரின் தகுதியைத் தானே முடிவு செய்யும் அதிகாரம் உண்டே" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. அந்த அதிகாரத்தை இந்தச் சபை இரண்டு விதமாகப் பயன்படுத்தியதுதான் இதில் முக்கியமான விஷயம்.

ஜூலையிலேயே ஒரு தகுதிப் பரிசோதனை நடந்தது. அரசியல் சட்டத்தைக் காப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு அதை எதிர்த்துப் போர் செய்தவர்கள் பதவி வகிக்கக்கூடாது என்று 14ஆவது திருத்தத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அப்படிப்பட்டவர்கள் சபையில் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்கள். சபை குழு போட்டது. எல்லோரும் தகுதியுள்ளவர்களே என்று முடிவு வந்தது. ராணுவத் தளபதி மீடும் அதை ஏற்றுக்கொண்டார்.

எழுத்தில் தெளிவாக இருந்த தடை யாரையும் தடுக்கவில்லை. எழுத்திலேயே இல்லாத தடை, 27 பேரைத் தூக்கியது.

பிப்ரவரி 7
செப்டம்பர் 3 வாக்கெடுப்பு: நீக்க ஆதரவு 83, எதிர்ப்பு 23. கறுப்பின உறுப்பினர்களை ஓட்டுப் போட விடவில்லை, தங்கள் விஷயத்தில் தாங்களே தீர்ப்புச் சொல்லக்கூடாதாம். கீழவையில் மொத்தம் 175 இடம். விழுந்தவை 106 ஓட்டுதான். கறுப்பின உறுப்பினர்களைக் கழித்துப் பார்த்தாலும் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடவில்லை என்று வருகிறது. அதில் குடியரசுக் கட்சிக்காரர்களும் உண்டு. அந்தக் கட்சியில் சிலர் நீக்கத்துக்கு ஆதரவாகவே ஓட்டுப் போட்டார்கள்.

நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தல் பணிக்குப் போகாத தேர்தல் கிடையாது. வாக்குச்சாவடியில் கடைசி வேலை 17-சி படிவம். எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதி, பூத் ஏஜென்ட்டுகளிடம் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு பிரதி கொடுத்து, பெட்டிக்குச் சீல் வைத்தால்தான் மூச்சு வரும். அதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றுதான் நினைப்போம். ஜார்ஜியாவின் கதையைப் படித்தபிறகு அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே ஓட்டை யாரும் திருடவில்லை. எண்ணினார்கள், ஜெயித்தார் என்று அறிவித்தார்கள், சபையில் உட்கார வைத்தார்கள், 14ஆவது திருத்தத்தை நிறைவேற்ற அவர்கள் ஓட்டையும் வாங்கிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் பந்தியிலிருந்து எழுப்பி இலையைப் பிடுங்குவதுபோல எழுப்பினார்கள்.

அந்த இலையில் உட்கார்ந்தது யார் தெரியுமா? அதே தேர்தலில் அவர்களிடம் தோற்ற வெள்ளை வேட்பாளர்கள். ஜெயித்தவருக்குத் தகுதி இல்லையென்றால் இரண்டாவது வந்தவருக்கு இடம் என்று மாநிலச் சட்டத் தொகுப்பில் ஒரு பிரிவு இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 7, இரவு
நீக்கப்பட்டவர்களில் ஒருவரான ஹென்றி மெக்நீல் டர்னர் செப்டம்பர் 3 அன்று சபையில் என்ன பேசினார் என்று சிலர் கேட்டிருந்தார்கள். முழுப் பேச்சையும் இங்கே போடமுடியாது, சாரத்தைச் சொல்கிறேன்.

டர்னர் 1834இல் தென் கரோலினாவில் பிறந்தவர், பிறப்பால் அடிமை அல்ல. மெதடிஸ்ட் போதகர். அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பினப் போதகராக இருந்தவர். மேக்கன் நகரத்திலிருந்து சபைக்கு வந்தார்.

எடுத்த எடுப்பிலேயே, இந்த அவையின் உறுப்பினர் நான், யார் முன்னாலும் குழையவும் மாட்டேன், கூனிக் குறுகவும் மாட்டேன், என் உரிமையைப் பிச்சையாகக் கேட்கவும் மாட்டேன் என்றார். தனக்கு முன்னால் பேசிய சக கறுப்பின உறுப்பினர்கள் அனுதாபம் கேட்டுப் பேசியதைக்கூடக் கண்டித்தார். சாட்டைக்கு அடியில் நின்று கெஞ்சுவதுபோல் இருந்தது என்றார். தன் ஆட்களையும் விடவில்லை மனிதர்.

குற்றம் செய்து பதவி இழந்தவர்களை உலகம் பார்த்திருக்கிறது. தோளின்மேல் தலை இருப்பதற்கு ஒருவன் எந்த அளவுக்குப் பொறுப்போ அதே அளவு மட்டுமே பொறுப்பான ஒரு விஷயத்துக்காக அவனைக் கூண்டில் ஏற்றுவது, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜியாவுக்கென்று மிச்சம் வைத்திருந்த வேலை என்றார். கறுப்பினத்தவரின் ஓட்டால் உண்டான இருக்கையில் வெள்ளையர் உட்காரலாம், கறுப்பினத்தவர் உட்காரக்கூடாதா என்று கேட்டார். இருநூற்றைம்பது வருஷம் உங்கள் வயலில் உழைத்தோம், விளைச்சலைக் களஞ்சியம் சேர்த்தோம், அதற்கு ஈடு கேட்கவில்லை, போனது போகட்டும், இப்போது எங்கள் உரிமையை மட்டும் கேட்கிறோம் என்றார்.

இதை நான் வாய்விட்டுப் படித்தேன். வகுப்பில் பாடம் வாசித்த பழக்கம், கண்ணால் மட்டும் படித்தால் எனக்கு ஏறாது. அந்த "ஈடு கேட்கவில்லை" இடத்தில் நிறுத்திவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 8
எண்ணிக்கைக் குழப்பத்துக்கு: இவர்களை மொத்தமாக "முதல் 33 பேர்" என்று சொல்வது வழக்கம், கணக்குகளில் ஒன்றிரண்டு மாறும். நீக்கப்பட்டவர்கள் 27. மேலவையில் மூன்று பேர்: டூனிஸ் கேம்ப்பெல், ஜார்ஜ் வாலஸ், ஆரன் பிராட்லி. பிராட்லி மீது பழைய வழக்கு ஒன்றைக் கிளப்பினார்கள், அவர் ஆகஸ்டிலேயே விலகிவிட்டார்.

கீழவையில் நான்கு பேரை விட்டுவைத்தார்கள். நிறம் அவ்வளவு வெளுப்பு. மாநிலச் சட்டப்படி எட்டில் ஒரு பங்கு ஆப்பிரிக்க ரத்தம் இருந்தால்தான் "நிறத்தவர்". குழு போட்டு விசாரித்தும் நிரூபிக்க முடியவில்லை. ஒரு சட்டசபைக் குழு உட்கார்ந்து சக உறுப்பினரின் பாட்டி யார், பாட்டன் யார் என்று விசாரித்திருக்கிறது.

பிப்ரவரி 10
"படிப்பறிவில்லாதவர்களை உட்கார வைத்தால் இப்படித்தான்" என்று ஒரு பின்னூட்டம். அதை எழுதியவர் இந்தப் பட்டியலைப் பார்க்கட்டும்.

சவானாவிலிருந்து வந்த ஜேம்ஸ் சிம்ஸ் தச்சு வேலை தெரிந்தவர், பாப்டிஸ்ட் போதகர், சொந்த உழைப்பில் பணம் சேர்த்து 1857இல் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கியவர். அவர் தம்பி தாமஸ் 1851இல் பாஸ்டனுக்குத் தப்பி ஓடிப் பிடிபட்டவர். அவரைத் திருப்பி அனுப்பிய வழக்கு அமெரிக்கா முழுக்க அன்று பேசப்பட்டது. கொலம்பியா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) ரோமுலஸ் மூர் கொல்லர். கேம்ப்பெல் நியூ ஜெர்சியில் சுதந்திர மனிதராகப் பிறந்தவர், போர் முடிந்ததும் ஜார்ஜியாவின் கடற்கரைத் தீவுகளில் விடுதலையான மக்களைக் குடியமர்த்திப் பள்ளிக்கூடம் நடத்தியவர்.

அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது ஜார்ஜியாவில் குற்றமாக இருந்தது. அதைக் குற்றமாக்கியவர்களே பிறகு படிப்பறிவு எங்கே என்று கேட்டார்கள். நாற்பது வருஷம் கரும்பலகை முன் நின்றவன் என்ற முறையில் இந்த வாதம் எனக்குத் தாங்கமுடியாதது.

பிப்ரவரி 13
நீக்கம் சபையோடு முடிந்திருந்தால் இதை ஒரு சட்டச் சண்டை என்று சொல்லிவிடலாம்.

நீக்கப்பட்டவர்களில் ஒருவர் பிலிப் ஜாய்னர். பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 19, சனிக்கிழமை, தேர்தல் கூட்டத்துக்காக அல்பனியிலிருந்து கமில்லா என்ற சிற்றூருக்கு ஓர் ஊர்வலம் கிளம்பியது. ஜாய்னரும் முன்னால் நடந்தார். இருபத்தைந்து மைல். வாத்தியக்காரர்களோடு ஒரு வண்டியும் கூடப் போனது. ஊர் எல்லையிலேயே ஷெரீஃப் தடுத்துப் பார்த்தார். நீதிமன்றச் சதுக்கத்துக்கு வந்ததும் சுட ஆரம்பித்தார்கள். ஓடியவர்களைக் காட்டுக்குள் நாய்களை விட்டுத் தேடிச் சுட்டார்கள். இறந்தவர்கள் ஒன்பதிலிருந்து பதினைந்து வரை என்று கணக்குகள் சொல்கின்றன. காயம்பட்டவர்கள் முப்பதுக்குக் குறையாது. 1998இல்தான் அந்த ஊர் பொதுவில் இதை ஒப்புக்கொண்டு நினைவு கூர்ந்தது.

பிப்ரவரி 13, சற்றுப் பிறகு
ஒரு எண்ணை மட்டும் சேர்க்கிறேன். ரோமுலஸ் மூரின் கொலம்பியா கவுண்டியில் 1868 ஏப்ரலில் குடியரசுக் கட்சிக்கு விழுந்தது 1,222 ஓட்டு. நவம்பர் அதிபர் தேர்தலில் விழுந்தது 1.

பிப்ரவரி 14
அந்த 1 என்ற எண்ணைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். அந்த ஒருவர் யார் என்று பதிவில்லை. வாக்காளர்கள் கட்சி மாறிவிட்டார்கள் என்று யாரும் நம்பவேண்டாம். ஓகல்தார்ப் கவுண்டியில் 1,144இலிருந்து 116. அந்த ஏழு மாதத்தில், கறுப்பினத்தவரை மிரட்டி அடக்கிய வெள்ளையர் ரகசியக் கும்பலான கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் ராத்திரி ராத்திரி வீடு வீடாகப் போனார்கள்.

பிப்ரவரி 17
ஆப்ரம் கோல்பி. இந்த இழையை நான் தொடர்ந்து எழுதக் காரணமே இவர்தான், இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன்.

கிரீன் கவுண்டியின் உறுப்பினர். அம்மா அடிமை, அப்பா வெள்ளைத் தோட்ட முதலாளி. 1869 அக்டோபர் 29 இரவு கிளான் ஆட்கள் கதவை உடைத்துப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். காட்டில் வைத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் அடித்து, செத்துவிட்டார் என்று போட்டுவிட்டுப் போனார்கள். நாடாளுமன்றக் குழு 1871இல் அட்லாண்டாவுக்கு வந்தபோது இவர் நேரில் சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியம் அப்படியே அச்சில் இருக்கிறது.

அடித்தவர்கள் யார் என்று கேட்டபோது, சிலர் ஊரில் முதல்தரமானவர்கள், ஒருவர் வக்கீல், ஒருவர் டாக்டர், சிலர் விவசாயிகள் என்றார். அடிக்கு நடுவே, இனிமேலும் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுவாயா என்று கேட்டிருக்கிறார்கள். நாளைக்கே தேர்தல் வந்தாலும் போடுவேன் என்றிருக்கிறார். மறுபடி அடி. அதற்கு இரண்டு நாள் முன்னால் பேரம் பேசியிருக்கிறார்கள்: தங்கள் பக்கம் வந்தால் 5,000 டாலர், தன் இடத்தில் வேறொருவரைச் சபைக்குப் போகவிட்டால் 2,500 ரொக்கம். இந்தக் கவுண்டி மொத்தத்தையும் கொடுத்தாலும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

அன்று வீட்டில் அவருடைய அம்மா, மனைவி, சின்ன மகள். அப்பாவைக் கொண்டுபோகாதீர்கள் என்று அந்தக் குழந்தை கெஞ்சியது. துப்பாக்கியைத் தூக்கி மிரட்டினார்கள். அந்தப் பயத்திலிருந்து அது மீளவேயில்லை, பிறகு இறந்துபோயிற்று. மூன்று மணி நேர அடியைச் சொன்ன மனிதர், என்னை அதிகம் வருத்துவது அதுதான் என்றார்.

தேதியைப் பாருங்கள். 1869 அக்டோபரில் கோல்பி சபையில் இல்லை, வெளியேற்றி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தும் அந்த இடத்துக்கு 2,500 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 83 ஓட்டால் அந்த இருக்கையைக் காலி செய்ய முடியவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்த ஊர் மக்கள் மனத்தில் உறுப்பினர் அவர்தான்.

பிப்ரவரி 21
தீர்ப்பு. சவானா இருக்கும் சாதம் கவுண்டியில் ரிச்சர்ட் ஒயிட் என்பவர் நீதிமன்ற எழுத்தராகத் தேர்தலில் ஜெயித்தார். தோற்ற கிளெமன்ட்ஸ், ஒயிட் கறுப்பினத்தவர், பதவிக்குத் தகுதியில்லை என்று வழக்குப் போட்டார். 1869 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், மூன்றில் இரண்டு நீதிபதிகளின் கருத்தாக, கறுப்பினத்தவர் பதவி வகிக்கலாம் என்றது. அந்த இருவரில் ஒருவர், அப்போது தலைமை நீதிபதியாகியிருந்த ஜோசப் பிரௌன். ஆமாம், பிரசாரத்தில் வேறு மாதிரிச் சொன்ன அதே பிரௌன். மாநிலச் சட்டத் தொகுப்பே குடிமக்களுக்குப் பதவி உரிமை தருகிறது என்று எழுதினார்.

பிரௌன் மனம் மாறினாரா, காற்று மாறியதைப் பார்த்தாரா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சட்டம் 1868 செப்டம்பரிலும் அதேதான், 1869 ஜூனிலும் அதேதான். கேள்வி கேட்டவருக்கு இதுதான் பதில்.

தீர்ப்பு வந்ததும் இருக்கைகள் திரும்பவில்லை. அதற்கு வாஷிங்டன் தேவைப்பட்டது. நடுவில் மார்ச் 1869இல் ஜார்ஜியா, நிறத்தைக் காட்டி ஓட்டுரிமையை மறுக்கக்கூடாது என்ற 15ஆவது திருத்தத்தையும் நிராகரித்திருந்தது. டிசம்பர் 22ஆம் தேதி நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு ராணுவத்தைத் திரும்ப அனுப்பியது. தளபதி ஆல்ஃபிரட் டெர்ரி. 1870 ஜனவரியில் சபை கூடியபோது தலைமை வகித்து அவையை நடத்தியவர் மாநில ரயில்வேயில் வேலை பார்த்த ஹாரிஸ். கறுப்பின உறுப்பினர்கள் திரும்ப வந்தார்கள், போர்க்காலத் தகுதியின்மை உள்ள இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள். பிப்ரவரி 2ஆம் தேதி 15ஆவது திருத்தம் நிறைவேறியது. ஜூலையில் ஜார்ஜியா மறுபடி ஒன்றியத்தில் சேர்ந்தது.

பிப்ரவரி 22
நேற்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1870இல் வெளியேற்றப்பட்டவர்களின் இடத்திலும் இரண்டாவது வந்தவர்களைத்தான் உட்கார வைத்தார்கள். இந்தமுறை லாபம் குடியரசுக் கட்சிக்கு. தோற்றவரை ஜெயித்தவராக்குவது அன்றைக்குத் தப்பென்றால் இன்றைக்கும் தப்புத்தானே என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன்.

வெளியேற்றியதில் எனக்குக் குறையில்லை. சத்தியம் செய்துவிட்டு அதை மீறிப் போர் செய்தது அவரவர் செய்த செயல், தடை எழுத்தில் இருந்தது. நிறம் யாரும் செய்த செயல் அல்ல. இரண்டையும் ஒரே தராசில் வைக்கமுடியாது. ஆனால் காலியான இடங்களுக்கு மறுதேர்தல் வைத்திருக்கவேண்டும். அந்தத் தொகுதி மக்கள் தோற்கடித்த ஒருவரை அவர்கள் தலையில் கட்டியது நியாயமில்லை. வைத்திருந்தால் கிளானின் துப்பாக்கி நிழலில்தான் அந்தத் தேர்தல் நடந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். இருந்தாலும் என் மனம் மறுதேர்தல் பக்கம்தான் சாய்கிறது.

பிப்ரவரி 26
டர்னரை நான் தெய்வமாக்குகிறேன் என்று ஒருவருக்குக் கோபம். பேரவையில் அவர் காட்டிய தாராளத்தையும் எழுதச் சொல்கிறார். எழுதுகிறேன்: கூட்டமைப்பின் அதிபராக இருந்த ஜெஃபர்சன் டேவிஸுக்கு மன்னிப்புக் கேட்கும் முயற்சியை டர்னர் ஆதரித்தார். பழைய எஜமானர்கள் மீது கடுமை வேண்டாம் என்று நின்றார். நீட்டிய கையைத் தட்டமாட்டார்கள் என்று நம்பினார். செப்டம்பர் பேச்சில் இருக்கும் சூடு, நம்பி ஏமாந்தவரின் சூடு. பிற்காலத்தில் 1880இல் பிஷப் ஆனார். அமெரிக்காவில் எங்களுக்கு நியாயம் கிடைக்காது, ஆப்பிரிக்காவுக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டே 1915இல் இறந்தார். அந்தக் கசப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

மார்ச் 2
அட்லாண்டா ஏன் தலைநகர் என்று பேச்சு எங்கேயோ போயிருக்கிறது, போகட்டும், இதுவும் சம்பந்தப்பட்டதுதான். பழைய தலைநகர் மில்லட்ஜ்வில். அங்கே விடுதிக்காரர்கள் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு அறை தரமாட்டோம் என்றார்கள். பேரவை அட்லாண்டாவில் கூடியது, புதிய சட்டமும் அட்லாண்டாவையே தலைநகராக்கியது. 1877இல் மக்களும் ஓட்டுப் போட்டு உறுதி செய்தார்கள்.

மகள் வீடு அட்லாண்டாவுக்கு வடக்கே. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பகுதி. போன வருகையில், தங்கக் கூரை போட்ட சட்டசபைக் கட்டடத்தைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மருமகன் கூட்டிக்கொண்டு போனார். 1889இல் திறந்த கட்டடம் அது, டர்னரும் கோல்பியும் இந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்ததில்லை. ஆனால் வளாகத்தில் ஜான் ரிடில் என்ற கலைஞர் செய்த சிற்பம் இருக்கிறது, 1978இல் வைத்தது. நிறத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் என்பதே அதன் பெயர். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று கூரையை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை இந்தப் பக்கம் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. வெளியூர்க்காரன், நின்றுவிட்டேன். கூப்பிட்டிருக்கவேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 3
"இதெல்லாம் பழங்கதை" என்றவருக்கு: 1907இல் கடைசிக் கறுப்பின உறுப்பினர் ரோஜர்ஸ் போனபிறகு, 1962 தேர்தலில் லிராய் ஜான்சன் ஜெயிக்கும்வரை அந்தச் சட்டசபையில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. 1966 ஜனவரி 10ஆம் தேதி, முறையாக ஜெயித்து வந்த கறுப்பினத்தவரான ஜூலியன் பாண்டை உட்காரவிடக்கூடாது என்று அதே கீழவை 184க்கு 12 என்று ஓட்டுப் போட்டது. வியட்நாம் போரை எதிர்த்த அறிக்கையை அவர் ஆதரித்தது காரணம் என்றார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரைச் சபையில் சேர்க்கச் சொன்னது. 1868இல் 23 பேராவது எதிர்த்தார்கள்.

மார்ச் 9
கேம்ப்பெல் என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். மேலவைக்குத் திரும்பினார். 1870 டிசம்பர் தேர்தலில், அன்று வெள்ளையர் ஆதிக்கத்தின் பக்கம் நின்ற ஜனநாயகக் கட்சி சபையைப் பிடித்தது. அடுத்த ஆண்டு புல்லக் பதவியை விட்டு மாநிலத்தைவிட்டே கிளம்பினார். மெக்கின்டாஷ் கவுண்டியில் கேம்ப்பெல் அமைதி நீதிபதியாகவும் (சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி) இருந்தார், கறுப்பினத் தொழிலாளர்களுக்கு அவர்தான் அரண். அந்தப் பதவியில் எடுத்த ஒரு நடவடிக்கையையே குற்றமாக்கி வழக்குப் போட்டார்கள். 1876இல், அறுபது வயதைத் தாண்டியவரைக் கைதிகளைக் குத்தகைக்கு விடும் முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் சங்கிலியோடு வேலை செய்தார். வெளியே வந்ததும் ஜார்ஜியாவை விட்டுப் போய், தனக்கும் குடும்பத்துக்கும் நேர்ந்ததைச் சிறு நூலாக எழுதி 1877இல் அச்சிட்டார். 1891இல் பாஸ்டனில் இறந்தார்.

மெக்கின்டாஷ் கவுண்டி மக்கள் மட்டும் அவர் போனபிறகும் கறுப்பின உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 1907இல் கடைசியாகப் போன ரோஜர்ஸ் அந்தக் கவுண்டிக்காரர்.